அத்தாவின் ரிப்போர்ட்டில் 'டிம்'... கூத்தாநல்லூர் வீட்டைத் தூங்கவிடாத ஒரு சொல்!

இஷா தொழுகை முடிந்து அத்தா வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா கூடத்தில் மொபைலோடு நின்றுகொண்டிருந்தார். சென்னையிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. மூன்று பக்க பி.டி.எஃப். அதில் பெயரும் வயதும் தவிர வேறு எதுவும் புரியவில்லை. வரிசையாக சிடி 5, சிடி 19, சிடி 20, சிடி 23 என்று எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். சிலவற்றுக்கு 'பிரைட்', சிலவற்றுக்கு 'டிம்'.

"வெளிச்சம் கம்மியா இருக்குன்னு போட்டிருக்குங்க" என்றார் அம்மா. அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அதே நிமிடம் சிங்கப்பூரிலிருந்து மகன் அழைத்தான். பல வீடுகளில் ஒருவராவது கடல் கடந்து போயிருக்கும் ஊர் கூத்தாநல்லூர். எந்தச் செய்தியும் இங்கே பக்கத்துத் தெருவுக்குப் போகும் முன் சிங்கப்பூருக்குப் போய்விடும். ரிப்போர்ட் அவனுக்கும் போயிருந்தது. இணையத்தில் தேடியும் பார்த்துவிட்டான். "டிம்னு இருந்தா அக்யூட் லுகேமியாவா இருக்கலாம்னு போட்டிருக்கும்மா. உடனே அட்மிட் பண்ணணும். நான் டிக்கெட் பார்க்குறேன்" என்று படபடத்தான்.

அத்தா போனை வாங்கினார். "அக்காகிட்ட கேட்டியா?" என்றார். அவன் கேட்கவில்லை.

சென்னையில் ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிறாள் அக்கா. எந்த மிஷினிலிருந்து அந்த ரிப்போர்ட் வந்ததோ, அந்த மிஷினின் முன்னால்தான் அவள் தினமும் உட்காருகிறாள். அன்று இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் அழுகையைப் போனில் கேட்டவள், ஒரு பையை எடுத்துக்கொண்டு எழும்பூருக்கு ஓடினாள். மன்னை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறினாள்.

கண் ஆபரேஷனில் தொடங்கியது

அத்தாவுக்கு வயது 67. மன்னார்குடி சாலையில் ஒரு ரைஸ் மில்லில் முப்பது வருடங்களுக்கு மேல் மேனேஜராக இருந்தவர். கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது.

வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். அத்தாவுக்கு 42,000. அதில் பெரும்பகுதி லிம்போசைட் என்ற வகை. காய்ச்சல் இல்லை, இளைக்கவில்லை, ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு நடந்து போய் வருகிறார். இரண்டாவது முறை எடுத்தபோதும் அதே எண். கண் டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு, ரத்தநோய் நிபுணரைப் பார்க்கச் சொன்னார்.

மகளுக்கு அந்த எண்ணைக் கேட்டதுமே இரண்டு பெயர்கள் மனதில் வந்துவிட்டன. ஒன்று, சி.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய். வயதானவர்களுக்கு வருவது. பெரும்பாலும் மெதுவாக நகரும். பலருக்கு வருடக்கணக்கில் சிகிச்சையே தேவைப்படாது. இரண்டாவது, மேன்டில் செல் லிம்போமா. பலருக்கு வேகமாக வளரும். சிகிச்சையைத் தள்ளிப்போட டாக்டர்கள் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் சில நேரம் ஒன்றுபோலவே தெரியும். வேறுபடுத்திக் காட்ட உதவுவது ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனை. ஊரிலிருந்து ரத்தத்தை கூரியரில் அனுப்புவதை மகள் விரும்பவில்லை. ரத்தம் பழசானால் செல்கள் சாகும், பிறகு வரும் ரிசல்ட்டை நம்ப முடியாது. "நீங்களே வந்துடுங்கத்தா" என்றாள். அத்தா வியாழக்கிழமை காலை வந்து, ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் கொடுத்துவிட்டு, அன்று இரவே திரும்பிவிட்டார்.

ஒளிரும் செல்கள்

நம் ரத்தத்தில் இருக்கும் ஒவ்வொரு செல்லின் மேல்பரப்பிலும் பலவகைப் புரதங்கள் இருக்கின்றன. செல்லின் வகையைப் பொறுத்து அவை மாறும். இந்தப் புரதங்களுக்கு வைத்த பெயர்கள்தான் சிடி எண்கள். ஒரே புரதத்தை ஆளுக்கொரு பெயரில் அழைத்துக் குழப்பிக்கொண்டிருந்த ஆய்வாளர்கள், 1982-ல் பாரிஸில் கூடி இந்த எண் முறையைத் தொடங்கினார்கள்.

ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை லேபில் தயாரிக்க முடியும். அந்த வழியை 1975-ல் கண்டுபிடித்தவர்கள் கோலரும் மில்ஸ்டீனும். 1984-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து ரத்தத்தில் கலந்தால், அந்தப் புரதம் உள்ள செல்கள் மட்டும் ஒளிரும்.

ஆரம்பத்தில் அப்படி ஒளிரும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்த்துத்தான் எண்ணினார்கள். அந்த வேலையில் கண் சோர்ந்துபோனவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லியோனார்டு ஹெர்சன்பெர்க். ஒளிரும் செல்களை மிஷினே கண்டுபிடித்துப் பிரித்துத் தரும் முறையை 1969-ல் தன் குழுவோடு அறிவித்தார். இன்றைய மிஷின்களில் செல்கள் நீரோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடுகின்றன. ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான செல்கள். ஒவ்வொரு செல்லும் எவ்வளவு ஒளிர்ந்தது என்று மிஷின் அளந்து, திரையில் ஒரு புள்ளி வைக்கும்.

செல்லின் மேல் அந்தப் புரதம் நிறைய இருந்தால் சாயமும் நிறைய ஒட்டும். அது பிரைட். குறைவாக இருந்தால் டிம். இல்லவே இல்லை என்றால் நெகட்டிவ். நோய் எவ்வளவு இருக்கிறது என்பதையோ, உயிர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையோ இந்தச் சொற்கள் சொல்வதில்லை.

திரையில் இருக்கும் அளவுகோலும் சாதாரண ஸ்கேல் இல்லை. 10, 100, 1,000, 10,000 என்று ஒவ்வொரு கட்டமும் பத்து மடங்காகத் தாவும். ஒரு கட்டம் தள்ளியிருந்தால் ஒளி பத்தில் ஒரு பங்கு என்று பொருள். கண்ணுக்குப் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு புள்ளிக்கூட்டங்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கலாம்.

தொடாத கை

அந்த வியாழக்கிழமை அத்தாவின் ரத்தத்தை மகள் ஓட்டவில்லை. சீனியர் டெக்னீஷியன் அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். "நான் பண்ணா நான் நினைக்கிறதுதான் தெரியும்ணே" என்றாள்.

அது வெறும் பயம் இல்லை. திரையில் எந்தப் புள்ளிகளை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று கோடு போட்டு வளைப்பது மனிதர்தான். அந்த வளையத்துக்கு 'கேட்' என்று பெயர். கோட்டைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினால், நெகட்டிவாக இருந்தது டிம் ஆகிவிடும். டிம் என்பது இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் இருப்பதால், அதில்தான் கை தடுமாறும். மனது எதை விரும்புகிறதோ அந்தப் பக்கம் கோடு சாயும். மகளின் மனது அன்று ஒன்றை விரும்பியது. சிடி 20 டிம்மாக இருக்க வேண்டும் என்பதுதான் அது.

சி.எல்.எல். செல்களில் சிடி 20 பொதுவாக டிம்மாக இருக்கும். மேன்டில் செல் லிம்போமாவில் பெரும்பாலும் பிரைட்டாக இருக்கும். ஊரில் அம்மாவை அழவைக்கப்போகும் அந்தச் சொல்லுக்காகத்தான், சென்னையில் மகள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டுக் காட்டினார். சிடி 20 புள்ளிகள் கீழே இருந்தன. அவளுக்கு மூச்சு வந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டர் மேடத்துக்கு அது போதவில்லை. "எதோட ஒப்பிட்டா இது டிம்?" என்று கேட்டார்.

டிம் பொய் சொல்லவும் கூடும்

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. எல்லாச் சாயமும் ஒரே அளவு ஒளிராது. ஒரே புரதத்தை வலுவான சாயத்தில் பார்த்தால் பிரைட்டாகவும், வலுவற்ற சாயத்தில் பார்த்தால் டிம்மாகவும் தெரியும். ஆன்டிபாடி அளவு குறைந்தாலும், ரத்தம் பழசானாலும், டிடெக்டரின் செட்டிங் மாறினாலும் ஒளி குறையும். சிடி 20-ஐக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து ஏற்கெனவே போட்டிருந்தால், மருந்தே அந்தப் புரதத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அப்போது செல்லில் புரதம் இருந்தும் மிஷினுக்குத் தெரியாது.

அதனால் லேபில் தினமும் காலையில், ஒளியளவு தெரிந்த நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை ஓடவிட்டு மிஷினைச் சரிபார்ப்பார்கள். அதோடு, அதே குழாயில் இருக்கும் நோயில்லாத செல்களோடு ஒப்பிடுவார்கள். ஒரே ரத்தம், ஒரே சாயம், ஒரே மிஷின், ஒரே நேரம். அப்படி ஒப்பிட்டும் குறைவாக இருந்தால்தான் அது டிம்.

மேடம் அத்தாவின் ரத்தத்திலிருந்த கொஞ்சநஞ்ச நல்ல பி செல்களைத் தேடி எடுத்தார். அவற்றின் சிடி 20 மேலே ஒளிர்ந்தது. நோய் செல்களுடையது அதைவிட நன்றாகக் கீழே இருந்தது. அப்படியானால் சாயத்தில் குறையில்லை. டிம் உண்மைதான்.

அடுத்து சிடி 5. அது டி செல்களில் பளிச்சென்று இருக்கும். ரத்தத்தில் ஓடும் சாதாரண பி செல்களில் பெரும்பாலும் இருக்காது. அத்தாவின் செல்களில் இரண்டுக்கும் நடுவே நின்றது. 'இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் கேட்டிருந்தால் நெகட்டிவ் பக்கம் தள்ளியிருக்கக்கூடிய அளவு. பி செல்லில் இருக்கக்கூடாத இடத்தில் மங்கலாக இருக்கும் சிடி 5, இந்த நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று.

சிடி 200 பிரைட். அதுவும் சி.எல்.எல். பக்கம்தான் கைகாட்டியது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க, 1994-ல் மட்டூட்டஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு மதிப்பெண் முறையைக் கொடுத்தார்கள். மொத்தம் ஐந்து அடையாளங்கள். நான்கோ ஐந்தோ வந்தால் சி.எல்.எல். அத்தாவுக்கு நான்கு வந்தது.

வராத அந்த ஒன்றை நினைத்துக்கொண்டே மகள் இரண்டு நாள் தூங்கவில்லை.

மில்லுக்காரர் சொன்ன விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை மன்னார்குடியில் இறங்கி, பஸ் பிடித்து லெட்சுமாங்குடி வழியாக வீடு வந்து சேர்ந்தாள். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. தம்பி வீடியோ காலில் இருந்தான்.

"நீ படிச்சது சிடி 45 பத்தி. அது டிம்மா இருந்தாதான் முதிராத செல்லா இருக்குமோன்னு சந்தேகப்படுவாங்க. அக்யூட் லுகேமியாவுல வர்றது அதுதான். அத்தாவுக்கு சிடி 45 நல்லா பிரைட்டா இருக்கு. இங்க டிம்மா இருக்கறது சிடி 20. ரெண்டும் வேற வேற" என்றாள்.

தம்பிக்குப் பாதி புரிந்தது. அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. "அப்ப டிம்மா இருந்தா நல்லதா, கெட்டதா? அதை மட்டும் சொல்லேன்" என்றார்.

மகள் பதில் தேடினாள். சிடி 45 டிம் என்றால் கவலை. சிடி 20 டிம் என்றால் இவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. மனசாட்சியோடு ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வது? லேசர், சாயம், கேட் என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்தினாள். அதுவரை பேசாமல் இருந்த அத்தா கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணு ஒண்ணா ஓடவிட்டு வெளிச்சம் அடிச்சுப் பார்க்குதுன்னியே... நம்ம சார்டெக்ஸ் மாதிரியா?"

மகள் ஒரு நொடி அப்படியே நின்றாள். அரிசி மில்களில் நிறம் பார்த்துப் பிரிக்கும் மிஷின் அது. அரிசி சரிவில் வழிந்து விழும்போது விளக்கு வெளிச்சத்தில் கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுப்பு மணியோ பழுப்பு மணியோ வந்தால் காற்று ஊதி வெளியே தள்ளும். டெல்டாவில் அரிசி வாங்கும் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நான்கு வருடம் படித்து, மூன்று வருடம் வேலை பார்த்தும், சின்ன வயதிலிருந்து பார்த்த அந்த மிஷின் அவளுக்கு நினைவுக்கு வந்ததே இல்லை.

"அதேதான்த்தா" என்றாள்.

"அப்படின்னா நான் சொல்றேன்" என்று அம்மாவின் பக்கம் திரும்பினார். "பச்சரிசிக்கு வெச்ச செட்டிங்லயே புழுங்கலரிசியை ஓட்டுனா என்னாகும்? புழுங்கல் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும். மிஷின் நல்ல அரிசியையும் சேர்த்துக் கழிச்சுக் கட்டிடும். மஞ்சள்னா நல்லதா கெட்டதான்னு கேட்டா நான் என்ன சொல்றது? எந்த அரிசின்னு முதல்ல சொல்லணும். பக்கத்துல நல்ல அரிசியை வெச்சுப் பார்க்கணும். ஒரு மணியைப் பார்த்துச் சொல்லக்கூடாது, ஒரு கை அள்ளிப் பரப்பிப் பார்த்துத்தான் சொல்லணும்."

மகளைப் பார்த்துக் கேட்டார்: "உங்க டாக்டரம்மா அப்படிப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்கத்தா. பக்கத்துல உங்க நல்ல செல்லையே வெச்சுப் பார்த்தாங்க."

"அப்புறம் என்ன? சோத்தைப் போடு" என்றார் அம்மாவிடம்.

வைத்துப் பார்ப்பது

நோய் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ரத்தநோய் நிபுணர் அதைத் தெளிவாகவே சொன்னார். இது புற்றுநோய்தான். மதிப்பெண் நான்கு இருந்தாலும், மேன்டில் செல் இல்லை என்பதை உறுதி செய்ய இன்னொரு பரிசோதனை எழுதினார். மேன்டில் செல் லிம்போமாவில் 11-வது குரோமோசோமும் 14-வது குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபிஷ் என்ற பரிசோதனை அதைத் தேடும். பத்து நாள் காத்திருந்தார்கள். அந்த மாற்றம் இல்லை என்று வந்தது. சி.எல்.எல். என்று டாக்டர் உறுதி செய்தார்.

ஹீமோகுளோபின், பிளேட்லெட் இரண்டும் சரியாக இருந்தன. நெறிக்கட்டி இல்லை, மண்ணீரல் வீங்கவில்லை. "இப்போ மருந்து வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்து வேண்டாம் என்பது தம்பிக்குப் பொறுக்கவில்லை. சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன் என்றான். அறிகுறி இல்லாத ஆரம்ப நிலையில் மருந்தை முன்கூட்டியே தொடங்குவதால் ஆயுள் கூடுவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை, பக்கவிளைவுதான் முதலில் வரும் என்று டாக்டரே அவனிடம் போனில் விளக்கினார். ரத்தசோகை வந்தால், பிளேட்லெட் குறைந்தால், உடம்பு இளைத்தால், இரவில் வியர்த்துக் கொட்டினால், லிம்போசைட் எண்ணிக்கை ஆறு மாதத்துக்குள் இரண்டு மடங்கானால், அப்போது சிகிச்சை தொடங்கும். காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது. இந்த நோயில் கிருமித்தொற்று எளிதாக வரும் என்பதால் உடனே வர வேண்டும். தம்பி அதை எழுதிக்கொண்டான். டிக்கெட்டை ரத்து செய்யவில்லை, நோன்புப் பெருநாளுக்கு மாற்றிக்கொண்டான்.

அம்மாதான் இன்னும் பழகவில்லை. அத்தா இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். "ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் வைத்தியமா?" என்று மகளிடம் வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறார். மகளும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறாள்.

லேபில் அவளுடைய வேலை ஒரு விஷயத்தில் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ரிப்போர்ட்டில் 'சிடி 20 டிம்' என்று மட்டும் டைப் செய்வாள். இப்போது மேடத்திடம் கேட்டு, 'நோயாளியின் சாதாரண பி செல்களோடு ஒப்பிடும்போது' என்று சேர்க்கிறாள். எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒரு தம்பி அதைத் தேடிப் படிக்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

கண் ஆபரேஷன் இரண்டு மாதம் கழித்து நல்லபடியாக முடிந்தது. பச்சைத்துணியை எடுத்த அன்று அத்தா முதலில் கேட்டது பழைய மில் கணக்கு நோட்டு ஒன்றை. அதில் கோடு போட்டு, தேதியும் எண்ணும் எழுதி வருகிறார். 42,000. அடுத்தது 43,500. அதற்கடுத்தது 41,800. ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் அடுத்த எண். அதற்குக் கீழே அடுத்த ரத்தப் பரிசோதனையின் தேதி எழுதியிருக்கிறது. எண்ணுக்கான இடம் காலியாக இருக்கிறது.